சல்லிசாய் வந்த சிவப்பு வண்டி

கோபக்காரிக்கு,

நம் கல்யாணத்தின் மேல் ஆணை, இதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

மீதித் துணிகளை எடுக்க நாலு மணிக்கு நீ வருவாய் என்றும், அப்போது நான் வீட்டில் இருக்கக் கூடாது என்றும் மகள் சொன்னாள். சரி. சோறு மேசையில் மூடியிருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போ. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

"குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல, தரையோட தரையா கிடக்கற வண்டி கேக்குதா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாயே. பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்தான், சல்லிசாய்க் கிடைத்ததுதான். ஆனால் நேற்று நெடுஞ்சாலையில் மிதித்த மிதியில் என் பல்செட் ஜன்னல் வழியே பறந்துவிட்டது. அதை முந்திக்கொண்டு அடுத்த சிக்னலுக்குப் போய், காத்திருந்து பிடித்துக்கொண்டேன். லாரிக்காரர் ஒருவர், "பெருசு, மெதுவா போங்க, எங்க வண்டியெல்லாம் நிக்கற மாதிரி தெரியுது" என்று கும்பிட்டார்.

உன் சீட்டில் தலையணை போட்டிருக்கிறேன், முட்டி வலிக்காமல் உட்காரலாம். நீ வரமாட்டாய், தெரியும்.

நீ வரும் நேரத்தில் நான் அதில்தான் இருப்பேன்.

பி.கு.: போன மாதம் வாங்கிய மறுநாளே மெக்கானிக் இஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார், வண்டி வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் நிற்கிறது.