செல்விக்கு வந்த வளையல்

செவ்வாய்க்கிழமை.

யாரும் நம்பப்போவதில்லை, இருந்தாலும் சத்தியமாக எழுதுகிறேன். இன்று குரும்பலூர்ப் பெண்கள் ஆயிரம் பேர் வளையலோடு என் வாசலை முற்றுகையிட்டார்கள்.

என் தங்கை மகள் செல்வி சுமப்பது அரியலூரில் இருக்கும் அவள் அக்காவின் கரு. வாடகைத்தாய் என்பது தெருவுக்குத் தெரியக்கூடாது என்பது அக்காவின் கட்டளை. வயிறு தெரிந்ததிலிருந்து செல்வியை நான் வாசல் தாண்ட விடவில்லை; அதற்குள் அவள் கர்ப்பம் என்பது மட்டும் தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

"செல்விக்கு வளகாப்புப் போடணும், கதவத் தொறங்க" என்றாள் எதிர்வீட்டு மலர்.

"வளையல் சத்தம் கேட்டா புள்ள உள்ளயே கரகம் ஆடுமாம். பதினாறு டாக்டரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்கம்மா" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

கதவுக்குப் பின்னால் நின்ற செல்வி கேட்டாள்: "அக்கா புள்ளயத் தூக்கிட்டுப் போனப்புறம், எங்கடி புள்ளன்னு இவங்க கேட்டா என்ன சொல்றது மாமா?"

வந்தவர்கள் மூன்று பேர்தான். டாக்டர்களும் புளுகு. செல்வி கேட்டது மட்டும் நிஜம். அதற்கு ஒரு புளுகு தேடித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.