காட்டாமைக்கு ஈரச்சாக்குப் போட்ட கதை

முல்லைத்தீவு
14.11.1963

அன்பு மகள் மார்கிறட் அறிய அப்பா எழுதுவது. மாதாவின் காவலில் நானும் அம்மாவும் உயிரோடும் இருமலோடும் இருக்கிறோம், நீயும் கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒரு குறையுமில்லாமல் இருந்து தாதிப் படிப்பை முடிக்க வேண்டும் என்று மன்றாடுகிறோம். அம்மாவின் கையெழுத்து இல்லையே என்று பயப்படாதே, அவளுக்கு ஒன்றுமில்லை. பொய் சொன்ன ஆள்தான் உண்மையையும் எழுதவேணும் என்று பேனையைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டாள்.

விஷயம் உன் ஆமைதான். போன இரண்டு கடிதத்திலும் ஆமை நல்ல சுகம் என்று அம்மாவைக் கொண்டு எழுதுவித்தவன் நான், அது பச்சைப் பொய். மழை தொடங்கியதிலிருந்து அது ஒன்றும் தின்னவில்லை, கண்ணை மூடியபடி மூக்கில் நுரை தள்ளிக்கொண்டு கிடந்தது. பிழை என்னுடையது. நாற்பது வருடம் கடலுக்குப் போனவனுக்கு ஆமை என்றால் கடலாமைதானே, வலையில் பட்டதை நிழலில் போட்டு ஈரச்சாக்கால் மூடினால்தான் கரை சேரும்வரை உயிர் நிற்கும். நீ விறகுக்குப் போன இடத்தில் எடுத்துவந்த காட்டாமைக்கும் அதையே செய்தேன், முற்றத்தில் திரிந்ததை இந்தக் கோடையில் பிடித்துக் குசினிக்குப் பின்னால் அடுப்படிச் சுவர் நிழலில் வைத்து, மழை வந்த பிறகும் விடாமல் இரண்டு நேரமும் சாக்கை நனைத்து நனைத்துப் போட்டேன். பெரிய கெட்டிக்காரன்! இது காட்டுச் சாமான், தண்ணி ஊத்தாதேங்கோ என்று அம்மா சொல்லிக் களைத்தாள். கெடுகுடி சொற்கேளாது. பொய் ஏன் சொன்னனீங்கள் என்று கேட்பாய். நீ நேர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்றபோது நான் கோபத்தில் குதித்ததையும், நீ பஸ் ஏறின காலை நான் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு திரும்பியும் பாராமல் இருந்ததையும் நீ மறக்கவில்லை. இரண்டு வருடமாக உன் கடிதங்களில் எனக்கென்று வருவது, அப்பாவிட்ட ஆமையைப் பாக்கச் சொல்லுங்கோ என்ற ஒரு வரிதான். ஆமை போனால் அந்த வரியும் போய்விடும் என்று பயந்தேன்.

போன கிழமை முத்தையன்கட்டில் வயல் செய்யும் நடராசா கருவாடு வாங்க வந்தவர், சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். என்ன யோசெப் அண்ணை, வெயில் காயிற சாதியைக் குளிரிலை போட்டுக் கொல்லுறியள் என்றார். அவர் சொன்னபடி ஒரு மீன்பெட்டியைக் கழுவி உலர்த்தி, காய்ந்த மணல் பரப்பி, ஒரு பக்கத் தலைப்பில் அரிக்கன் லாம்பை வைத்து, ஆமை முட்டாதபடி இடையில் கம்பிவலை அடித்தேன். சூடு உள்ளே திரும்ப லாம்புக்குப் பின்னால் ஒரு தகரம். சூடு கூடினால் ஒதுங்குவதற்கு மற்றத் தலைப்பில் வைக்கோல். திரியை ஏற்றினால் புகைக்கிறது, இறக்கினால் சூடு காணாது, ஆகையால் அடிக்கடி புறங்கையை உள்ளே விட்டுப் பார்க்கிறேன், உன்னைக் குளிப்பாட்டும் தண்ணீரை அம்மா பார்த்த மாதிரி. அதோடு விட்டதா? லாம்புச் சூடு வேறை, வெயில் வேறை, வெயில் படாட்டி ஓடு மெத்துப்போகும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகையால் மழை விட்டு வெயில் முகம் காட்டினால் ஆமையைக் கைப்பிள்ளை மாதிரித் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுகிறேன், முகில் மூடினால் திரும்ப உள்ளே. யோசெப் அண்ணை ஆமைக்கு ஞானஸ்நானம் குடுக்கப் போறார் என்று பக்கத்து மீன்வாடி ஸ்ரீபன் பகிடி பண்ணுகிறான்.

இன்றைக்கு ஆறு நாள். நுரை நின்றுவிட்டது. நேற்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, ஆனால் தின்ன வேலிச் செவ்வரத்தம்பூவை நீட்டினால் தலையை இழுத்துக்கொள்கிறது. பிழைக்குமோ தெரியாது மகள், இனிப் பொய் எழுத மாட்டேன். வாடைக்காற்றில் கடல் தொழிலும் இல்லை, முழங்கால் நோவோடு பெட்டிக்கு முன்னால் குந்தி எழும்பி நான் நன்றாகக் களைத்துப்போனேன்.

மழையில் நனைந்த தலையோடு படுக்காதே, செபமாலையை விடாதே. ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார். இனி எழுதும்போது ஆமை எப்படி என்று கேட்க வேண்டாம், இருந்தாலும் செத்தாலும் நானே எழுதுவேன். அப்பா எப்படி என்று ஒருக்காலாவது கேள், பிள்ளை.

இப்படிக்கு,
உன் அப்பா
யோசெப்