உடைக்காமல் வைத்த அம்பு

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஆய்வகத்தில் நாற்பத்தொரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் தட்டச்சு செய்தேன். மேலாளர் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, "யார் அடிச்சது இது?" என்றார். கை தூக்கினேன். பிழை இல்லையாம், அதைச் சொல்லத்தான் வந்தாராம். ஆறு மாதத்துக்கு முன்பு என்றால், கீழே விழாத பேனாவை மேசைக்கடியில் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

வில் பழகுவதால்தான் இந்த மாற்றம் என்றால் அம்மா சிரிக்கிறார். "கம்பை வளைச்சா தைரியம் வருமா? அப்ப தினமும் ஆஸ்பத்திரிப் போர்வையை முறுக்கிப் பிழியிற எனக்கு எவ்வளவு வந்திருக்கணும்!"

மார்ச் 7, சனி

டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் பழைய கிடங்கில்தான் எங்கள் வில் பயிற்சி. நான் சேர்ந்தபோது ஒன்பது பேர். யாரோ ஒருவர் அங்கே எடுத்த வீடியோ பரவியதிலிருந்து சனிக்கிழமை காலையில் வாசல்வரை வரிசை நிற்கிறது. செவிலியர்கள், பஸ் டிரைவர், ஒரு பல் டாக்டர், மகளோடு வரும் வங்கிக்காரர். எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: போன் இல்லாமல் ஒரு மணி நேரம், கண்ணுக்கு ஒரே ஒரு வேலை.

எங்களுடையது மரவில், மூங்கில் அம்பு. குறிபார்க்கும் கருவி எதுவும் கிடையாது. அம்பு, வில் பிடித்த கையின் விரல் முட்டி மேலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் அம்பில் விரிசல் இருக்கக் கூடாது. அதைப் பார்ப்பது என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் உரிமையாளர் எனக்குக் கொடுத்தது. எல்லோரும் அவரைக் கேப்டன் என்பார்கள்; தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு அம்பையும் இரண்டு முனையும் பிடித்து, காதோரம் வைத்து, லேசாக வளைக்க வேண்டும். திருப்பித் திருப்பி நான்கு தடவை. 'டிக்' என்று கேட்டால், கேட்டதுபோல் சந்தேகம் வந்தாலே, அந்த இடத்திலேயே முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். ஓரமாக வைக்கக் கூடாது. வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள்.

அம்பு விடும் கோட்டில் டெய்லர் அக்கா இன்றும் என் பக்கத்தில். "என்னடி, இன்னிக்கும் வாய்க்கு லீவா?" என்று கேட்டுவிட்டுத்தான் வில்லை எடுப்பார். ஏன் வருகிறீர்கள் என்று ஒருநாள் நானாகவே கேட்டேன். "நாள் முழுக்க மெஷின்ல குனிஞ்சே கெடக்குறேன். இங்க ஒருத்தர்தான் நிமிர்ந்து நில்லுன்னு சொன்னாங்க."

மார்ச் 14, சனி

கேப்டன் ஒலிபெருக்கி வாங்கிவிட்டார். புதியவர்களுக்குப் பாட்டு வேண்டுமாம்.

நான் ஓர் அம்பை உடைத்ததும் ஒரு குழந்தை அழுதது. கேப்டன் வந்து மெதுவாகத்தான் சொன்னார்: "வந்தவங்க பயப்படுறாங்கம்மா. கூட்டம் இருக்கறப்ப ஒடைக்காதே. ஒரு ஓரமா வை, அப்புறம் ஒடைச்சுக்கலாம்."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? ஓரமாக வைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தானே? 'சார், நீங்கதான சொன்னீங்க' என்று ஒரு வாக்கியம். வீடு வந்து சேர்வதற்குள் இருபது தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

மார்ச் 21, சனி

ஆறில் நான்கு நடு வட்டத்தில். நான்காவதை விடும்போது சுற்றிலும் சத்தமே இல்லாததுபோல் இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அக்கா என் தோளைத் தட்டி, "பாத்தியா, நீ பேசாட்டி என்ன, உன் கை பேசுது" என்றார். நான் படித்ததற்காக வீட்டில் பெருமைப்பட்டிருக்கிறார்கள். நான் செய்ததை நேரில் பார்த்து ஒருவர் மகிழ்ந்தது இதுவே முதல்முறை.

மார்ச் 28, சனி

எழுத முடியவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

காலை பத்தரை மணி இருக்கும். உள்ளே எழுபது பேர். பாட்டு. ஓர் அம்பை வளைத்தேன் — டிக். பாட்டின் தாளமோ? மறுபடி வளைத்தேன். மறுபடியும் ஏதோ கேட்டது. முழங்காலுக்குக் கொண்டுபோனேன். எதிரே புதிதாக வந்த ஒரு குடும்பம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. உடைக்கவில்லை. மேசையின் ஓரத்தில் தனியாக வைத்தேன், கூட்டம் குறைந்ததும் இன்னொரு தடவை கேட்கலாம் என்று.

அக்காவின் கூடையில் ஐந்து அம்புதான் இருந்தது. சுற்றுக்கு ஆறு வேண்டும். மேசைக்கு வந்தார். "இதை எடுத்துக்கறேன்டி" என்றார். எடுத்துக்கொண்டு போனார்.

நான் பார்த்தேன். எந்த அம்பு என்று பார்த்தேன். "அக்கா" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. கோட்டில் யார் வேண்டுமானாலும் 'நில்' என்று கத்தலாம். கத்தினால் எல்லோரும் வில்லை இறக்கியாக வேண்டும், முதல் நாளே சொல்லித்தருவார்கள். எழுபது பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று நினைத்தேன். ஒன்றும் இல்லையென்றால் சிரிப்பார்களே என்று. அது 'டிக்' தானா என்றே தெரியாதே என்று. இத்தனையும் நினைக்க நேரம் இருந்தது. அவர் ஐந்து அம்பு விடும்வரை நேரம் இருந்தது. ஐந்து! கத்தியிருக்கலாம்டி, ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை —

ஆறாவது அம்பு போகவில்லை. பிளந்தது. ஒரு மூங்கில் சிம்பு இடது கையில், பெருவிரலுக்குக் கீழே சதைக்குள் இறங்கி, மணிக்கட்டுப் பக்கம் வெளியே வந்திருந்தது. அக்கா கத்தவில்லை. வில்லைக் கீழே போடாமல் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு கையைப் பார்த்தார். "ஐயோ, துணி நகத்துற கை" என்றார்.

யாரோ ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தினார்கள்.

மார்ச் 31, செவ்வாய்

மருத்துவமனைக்குப் போனேன். சிம்பை எடுத்துவிட்டார்கள். பெருவிரலுக்குப் போகும் நரம்பு அறுந்திருக்கிறது. அதை இணைக்க இன்னோர் அறுவை சிகிச்சை வேண்டும், பெரிய ஆஸ்பத்திரியில். தள்ளிப்போடத் தள்ளிப்போட விரல் மடங்குவது சந்தேகம் என்றார் டாக்டர். அக்காவால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. கிடங்குக்குக் காப்பீடு இருக்கிறது. தவறு கிடங்கின் பக்கம் என்றால் அவர்கள் கொடுப்பார்கள். அடிபட்டவர் பக்கம் என்றால் இல்லை.

அக்கா என்னைப் பார்த்ததும், "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். மேசையில கெடந்ததை நானாத்தான எடுத்தேன்" என்றார்.

என் வாய்க்கு அப்போதும் லீவுதான்.

ஏப்ரல் 1, புதன்

கேப்டன் ஆய்வக வாசலில் காத்துக்கொண்டிருந்தார். சம்பவ அறிக்கை வேண்டுமாம். "எனக்கு நாலு வரி ஒழுங்கா எழுத வராது. நீ பட்டதாரி. சுத்தமா எழுதுவே."

என்ன எழுத வேண்டும் என்றேன்.

"நடந்ததை எழுது. இன்னும் பார்த்து முடிக்காத அம்பு மேசையில இருந்துச்சு. அவங்க கேக்காம எடுத்துட்டாங்க. அவ்வளவுதான். அவங்களே அப்படித்தான சொல்றாங்க? கீழ அவங்ககிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிரு."

"நான் பார்த்தேன் சார், அந்த அம்பை."

அவர் தொப்பியைக் கழற்றினார். முன் தலையில் முடியே இல்லை. சட்டென்று வயதான மனிதராகத் தெரிந்தார். "அதை யார்கிட்டயும் சொல்லாதே. உனக்கும் நல்லதில்ல. கிடங்கை மூடிட்டா அத்தனை பேரும் எங்க போவாங்க? நீ எங்க போவே?"

அதுதான். நான் எங்கே போவேன்?

ஏப்ரல் 3, வெள்ளி

அறிக்கை எழுதிவிட்டேன். அவர் சொன்னபடி. எட்டு வரி, ஒரு பிழை இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

இரண்டு நாளாக அது கைப்பையிலேயே இருக்கிறது. அக்காவிடம் கொண்டுபோகவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. இரண்டு நாள் என்பது அந்த விரலுக்கு எவ்வளவு?

அம்மாவிடம் சொன்னேன். முதலில் பயந்துவிட்டார். "போலீஸ் வருமா? உன் வேலை போயிருமா? நீ ஏன்டி இதுல தலையைக் குடுக்கறே? பெரிய மனுஷன் சொல்றாரு, எழுதிக் குடுத்துட்டு வா." சோற்றைப் போட்டார். நான் சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடவில்லை. தாளைக் கையில் வாங்கி, தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்று தெரியாமல், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுல அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடணுமா?"

"ஆமா."

"எங்க லாண்டிரியில ஒருதடவை எல்லார்கிட்டயும் கைநாட்டு வாங்குனாங்க. நல்லதுக்குத்தான்னாங்க. மறுமாசம் ஆறு பேரை நிறுத்திட்டாங்க. நாங்களே சம்மதிச்சு வச்சதாம். எழுதுனதும் ஒரு படிச்ச பொண்ணுதான்."

அம்மா தாளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார்.

ஏப்ரல் 6, திங்கள்

காப்பீட்டு அதிகாரி கிடங்குக்கு வந்தார். நீளமான பெண், கழுத்தில் அடையாள அட்டை. கேப்டன் அறிக்கையைக் கேட்டார். ராத்திரி புதிதாக எழுதியதை அதிகாரியிடம் கொடுத்தேன். இது இரண்டரைப் பக்கம்.

படித்துவிட்டு அதிகாரி, "சத்தம் கேட்டதுன்னு எழுதியிருக்கீங்க. நிச்சயமா?" என்றார்.

"சந்தேகம் வந்தாலே ஒடைக்கணும் மேடம். வந்துச்சு. ஒடைக்கல. அவங்க எடுத்ததையும் பார்த்தேன். தடுக்கல."

"ஒடைக்க வேண்டாம்னு யாராவது சொன்னாங்களா?"

கேப்டன் என்னைப் பார்த்தார். அவர் எனக்குக் கெடுதல் செய்தவர் இல்லை. என்னை நிமிர்ந்து நிற்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"சொன்னாங்க. கூட்டம் இருக்கறப்ப வேண்டாம்னு."

குரல் நன்றாகவே வந்தது. ஒன்பது நாள் கழித்து.

ஏப்ரல் 7, செவ்வாய்

மற்றவர் வாயிலிருந்து போகும் முன் நானே போய் அக்காவிடம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

"கேட்டுட்டு ஏன்டி ஒடைக்கல?"

"கூட்டமா இருந்துச்சு. எல்லாரும் பாத்தாங்க."

"நான் எடுக்கறதைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பத்து நாளா, என் புத்தியை நானே திட்டிக்கிட்டுக் கெடந்தேன். அதையும் பாத்துக்கிட்டுத்தான இருந்தே?"

தலையாட்டினேன்.

"போடி. என் கண்ணுல படாதே."

ஏப்ரல் 13, திங்கள்

காப்பீடு ஒத்துக்கொண்டது. நேற்றே அறுவை சிகிச்சை முடிந்துவிட்டதாம். கிடங்கில் கூடப் பழகிய செவிலியர் சொன்னார். சொல்லிவிட்டு, "நீ பேசாமலே இருந்திருக்கலாம். இப்ப எங்க எல்லாருக்கும் இடமில்லாமப் போச்சு" என்றார். கிடங்குக்குப் பூட்டு. வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கியிருக்கிறார்கள். யார் நீக்கியது என்று பார்த்தேன். கேப்டன் இல்லை. பல் டாக்டர்.

மே 2, சனி

காலையில் எழுந்து தயாராகிவிட்டேன். பிறகுதான் போவதற்கு இடமில்லை என்று ஞாபகம் வந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். தோள் மட்டும் வலித்தது, சும்மா இருந்ததால்.

மே 23, சனி

நகரின் மறுபக்கம் புதிதாக இரண்டு வில்வித்தைக் கூடங்கள் திறந்திருக்கிறார்களாம். பேருந்து முழுக்க அதே பேச்சு. 'மனசு லேசாகுது' என்றாள் ஒரு பெண். ஆகும். நான் இறங்கும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

அப்பாவின் கால்சட்டையை நீளம் குறைக்க வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அக்காவின் கடைக்குப் போனேன். இரண்டு தெருவை மூன்று தடவை சுற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். 'புதுத் துணி தைப்பதில்லை, ஆல்டரேஷன் மட்டும்' என்று அட்டை எழுதி ஒட்டியிருந்தது. இரண்டு மெஷினில் ஒன்றைக் காணோம்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். உள்ளே ஒரு கல்லூரிப் பெண் இருந்தாள். இடுப்பு தளர்ந்துபோன பாவாடையைப் பிடித்துத் தரச் சொல்லி வந்திருந்தாள். அவளுக்கு அளவு எடுக்க வேண்டும். அக்கா நாடாவை அவள் இடுப்பைச் சுற்றிப் போட்டார். இடது பெருவிரல் பாதிதான் மடங்கியது. நாடாவின் முனை நழுவி விழுந்தது. எடுத்து மறுபடி போட்டார். மறுபடி விழுந்தது. அந்தப் பெண், கழுத்து நோக, மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது தடவை அக்கா குனிந்து நாடாவை எடுத்தார். ஒரு முனையை என் பக்கம் நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"புடி."

பிடித்தேன்.

"இருபத்தெட்டரை. எழுதிக்க."

பென்சில் எங்கே என்று நான் தேட வேண்டியிருந்தது.