நல்ல மாத்திரை ரெண்டு நாளைக்குத் தாங்கும்

மே 12, திங்கள்
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. மருந்துக் கடையில் இன்சுலின் வைக்கிற ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டிவிட்டது, துடைக்கணும்.

அதே மருந்து, பெரிய கம்பெனிப் பெயர் மட்டும் இல்லாத விலை குறைந்த மாத்திரைகளுக்கு முதலாளி தனி அலமாரி போட்டு ஒரு மாதம். பேசி விற்பது என் பாடு. இன்று வந்தவர்கள்:

– ரிட்டயர்டு வாத்தியார். கண்ணாடி போட்டு இரண்டு அட்டையிலும் மருந்தின் பெயரைப் படித்தார், இரண்டும் ஒன்றே என்றார், வாங்கினார்.
– தறிக்காரர். பழைய காலி அட்டையைப் பக்கத்தில் வைத்து நிறம் பார்த்தார். நிறம் வேறு. வேண்டாம்.
– ஒரு மருமகள். மாமியாருக்கு விலை குறைந்தது, தன் பையனுக்கு டாக்டர் எழுதினதே. கூச்சமே இல்லை.
– போர்வெல் போடுகிற ரிக் வண்டி டிரைவர். எந்த ஊரில் எது கிடைத்தாலும் விழுங்குகிற ஆள். கேள்வியே கேட்கவில்லை.

மே 14, புதன்
ராமாயி அக்கா வந்தாள். காட்டில் களை வெட்டக் கூலிக்குப் போகிறவள். புருஷனுக்கு பி.பி., போன வருஷம் ஒருமுறை வாய் கோணிச் சரியானது. தினம் ஒரு மாத்திரை போடணும். பத்து மாத்திரை அட்டையை இருபது நாளைக்கு ஒருமுறைதான் வாங்குகிறாள். இன்றுதான் எனக்கு உறைத்தது. கேட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாளாம்.

"நல்ல மாத்திரைங்க சாமி. ஒண்ணு போட்டா ரெண்டு நாளைக்குத் தாங்கும்."

விட்டுவிட்டுப் போட்டால் மறுபடி பக்கவாதம் வரும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அதே மருந்து இந்த அலமாரியில் கால் விலை, தினமும் போடலாம் என்றேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாங்குகிற முகம்தான். பிறகு கேட்டாள்:

"உங்க ஊட்டுக்காரருக்கும் இதைத்தானுங்க குடுக்கறீங்க?"

கல்லாவைத் திறந்து சில்லறையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை மாத்திரை. பெரிய கம்பெனி, விலை கூடினது. அக்கா என் முகத்தையே பார்த்தாள். பழசே குடுங்க என்றாள். கொடுத்தேன்.

மே 15, வியாழன்
அனல் காற்று. கூட்டம் இல்லை. நாள் முழுக்க அதே நினைப்பு.

டி.பார்ம் படித்தவள். உள்ளே இருக்கிற மருந்து ஒன்றுதான் என்று ஊருக்கே சொல்கிறேன், என் வீட்டுக்கு மட்டும் பயம். அக்கா கேட்டதும் ஆமாம் என்று ஒரு பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

மே 20, செவ்வாய்
இருமல் மருந்துக்கு வந்த ஒரு பெண் சொன்னாள், ராமாயி அக்காவின் பக்கத்து வீடு. நேற்றுக் காலையில் அக்காவின் புருஷன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது விழுந்துவிட்டாராம். சேலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வலது கை, கால் வரவில்லை. பேச்சும் இல்லை.

பில்லைத் தப்பாகப் போட்டேன். மறுபடி போட்டேன், அதுவும் தப்பு.

மே 21, புதன்
வீட்டுக்காரருக்கு மாத்திரையை மாற்றினேன். அதே மருந்து, அதே அளவு, அலமாரியில் இருந்து. கையில் கொடுத்ததும், இது வேறயா இருக்குதே என்றார். ஒன்றுதான் என்றேன். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு செல்போனைப் பார்க்கப் போய்விட்டார். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் பயந்தேன்!

ஜூன் 9, திங்கள்
மேகமூட்டம். மழை இல்லை.

ராமாயி அக்கா வந்தாள். புருஷனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்களாம். சேலம் ஆஸ்பத்திரிச் சீட்டில் கம்பெனிப் பெயர் இல்லை, மருந்தின் பெயர் மட்டும். அலமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். நிறம் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை, அப்படியே பையில் போட்டுக்கொண்டாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இப்போது எங்கள் வீட்டிலும் இந்த அலமாரி மாத்திரைதான் அக்கா என்றேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா வாங்கியிருப்பனுங்க சாமி."

கோபமே இல்லை. பிறகு பெரியவர்களுக்கான டயப்பர் கேட்டாள். என்ன சைஸ் என்றேன். தெரியவில்லை. எதுக்கும் சின்னதாவே குடுங்க, ஆள் பாதியாகிவிட்டார் என்றாள்.