தண்ணீர் கலக்காத மருந்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உன் அப்பாவின் இடது கால் கட்டைவிரல் நீங்கலாக இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். பேத்தி மேடையேறிப் பேசினாளாமே, தெருவில் அது தெரியாதவர் இனி யாருமில்லை, நானே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன்.

விரல் கதைக்கு வருகிறேன். நகம் வெட்டும்போது கொஞ்சம் சதையும் போய்விட்டது, அவ்வளவுதான், நீ அனுப்பிய கிருமிநாசினியை எடுத்தார். ஒரு மூடி மருந்துக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் என்று புட்டியில் படமே போட்டிருக்கிறது, அஞ்சாவது படித்த எனக்குப் புரிந்தது, முப்பது வருடம் பாலில் தண்ணீர் கலந்தவர்களைப் பிடித்த ஆபீசருக்குப் புரியவில்லை. “எம் மக அனுப்பினதுல நான் தண்ணி கலக்கவா? கலப்படத்துக்கு வேற ஆளப் பாரு” என்று அப்படியே ஊற்றினார். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமாம், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அந்த ஜோரில் உதட்டுக்குள் இருந்த புண்ணிலும் தொட்டு வைக்க, தோல் உரிந்து மூன்று நாள் பேச்சில்லை, வீடு நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் நீ கோபித்துக்கொள்வாய். விரல் வெளுத்துப் புண் பெரிதானதும் நர்ஸம்மாவிடம் கூட்டிப் போனேன். “ஐயா, இது வெட்டின காயம் இல்ல, நீங்க வேகவச்ச காயம், சர்க்கரை உடம்பு வேற, இன்னும் ஒரு வாரம் இப்படி ஊத்தினா விரல எடுக்கணும்” என்றாள், சுத்தமான தண்ணீரில் கழுவிக் கட்டினால் போதும், வாய்க்குள் இதை வைக்கவே கூடாது என்றாள். வெறும் தண்ணிக்கு எதுக்கு நர்ஸு படிப்பு என்று வழியெல்லாம் கேலி செய்தார். வீட்டுக்கு வந்ததும் அவருக்குத் தெரியாமல் மருந்தைக் கொட்டிவிட்டு, வாசனைக்குச் சொட்டு மட்டும் விட்டுக் கொதித்தாறிய தண்ணீரை நிரப்பினேன். தண்ணீர் பட்டதும் அது பால் போல வெளுத்துவிட்டது, மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆபீசர் உற்றுப் பார்த்து, நல்ல சரக்கு, நாளாக நாளாகக் கெட்டியாகிறது என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

புண் மூடி வருகிறது. அதோடு விட்டாரா, எதிர்க்கடைத் தையல்காரருக்கு ஊசி குத்தி விரல் வீங்கியிருக்க, இதே மருந்தை வாங்கித் தண்ணீர் படாமல் ஊற்றச் சொல்லிவிட்டு வந்தார். விரல் போனால் அந்த மனிதர் எதைத் தைப்பார், அதனால் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கட்டுக் காலோடு எதிர்க்கடைக்குக் கிளம்பிப் போனார். “ஐயா வந்து, ஒரு மூடிக்கு ஒரு டம்ளர் தண்ணி கலன்னாரு, ஏன்னு கேட்டா மொறைக்கிறாரு” என்று தையல்காரர் என்னிடம் கேட்கிறார்.

இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை, கட்டு மாற்றும் நேரத்துக்குக் காலை மட்டும் நீட்டுகிறார். போனில் சிரித்துவிடாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் இருங்கள். இன்னொரு புட்டி அனுப்பாதே.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்
அம்மா