சாவி என்கிட்ட இருக்கு

என்னங்க, வேன் சாவியைத் தேடி வீட்டைக் கலைக்காதீங்க, என்கிட்டதான் இருக்கு. சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு.

வேன்ல எச்சரிக்கை விளக்கு தானா அணைஞ்சுடுச்சுன்னு போன வாரமே சொன்னீங்க, சைலன்சர் சூட்டைப் பார்க்கிற சென்சார்தான் பொய் சொல்லுதுன்னு நேத்து கத்தினீங்க. விடிஞ்சதும் வண்டிக் கோளாறைக் காட்டுற ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். ஆறிக் கிடக்கிற இஞ்சின்ல நானூறு டிகிரி காட்டுது. சரி, பொய்தான். ஆனா நான் வேலை பார்க்கிற ஒர்க்‌ஷாப்லேருந்து கொண்டுவந்த புது சென்சாரை மாட்டியும் அதே நானூறு. குனிஞ்சு பார்த்தா, அதோட வயர் சைலன்சர்ல உரசி உருகிப்போயிருக்கு. இனி நெசமாவே சூடு ஏறினாலும் வண்டிக்குத் தெரியாது. இன்னைக்கு லோடுக்கு எங்க அண்ணன் வண்டியைக் கேட்டிருக்கேன்.

இந்தச் சீட்டுல கீழே இடம் இல்லை, இருந்தாலும் சொல்லிடறேன். டேஷ்போர்டுல நீங்க ஒட்டின கறுப்பு டேப்பை உரிச்சுட்டேன். அடியில விளக்கு எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு. அணைஞ்சுடுச்சுன்னு நீங்க சொன்னதை நம்பித்தான் போன வாரம் நம்ம பாப்பாவை அந்த வேன்ல உங்ககூட அனுப்பினேன்.