கார்பன் தாளில் விழுந்த எழுத்து

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது.

என் இடது முட்டியைத் தவிர இங்கே மற்ற எல்லோரும் நலம். உனக்கு வேளைக்குச் சாப்பாடும் தூக்கமும் கிடைக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உன் அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் படுத்திருக்கிறாள், படுத்தபடியே என்னென்ன எழுத வேண்டும் என்று உத்தரவும் போட்டுக்கொண்டிருக்கிறாள். மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் பகல் ஷிஃப்ட் கிடைத்துவிட்டது, அதனால் சாயங்காலம் வாண்டுவோடு உட்கார முடிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ போனில், கவர்ல வெறும் தாள் ஒண்ணு வந்துதே, மறந்து வெச்சுட்டீங்களாப்பா என்று சிரித்தாயே, அது வெறும் தாள் இல்லை. உன் மகள் வாண்டு உனக்கு எழுதிய கடிதம். விரலில் பலம் போதாத பிள்ளை, பென்சிலை அழுத்த வராது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரியும். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் நீ சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. அழவில்லை. பென்சிலை எடுத்துப்போய் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்திலும் நோட்டைத் திறக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். டீச்சர் மருமகளைக் கூப்பிட்டு, எழுதறத விட்டுடலாம், வாயாலயே பதில் சொல்லட்டும் என்றாராம். நீ தெரியாமல்தான் சொன்னாய், ஆனாலும் எனக்கு உன்மேல் கோபம் வந்தது.

நீ அனுப்பிய எழுத்துப் பயிற்சிப் பெட்டியும் வந்து சேர்ந்தது. அதிலிருக்கும் கனமான பேனாவைப் பிடித்தால் அவள் கை தொங்கிப்போகிறது. அவள் கைக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் பெண்ணிடம் காட்டினேன், இது எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது சார், வீட்டுல இருக்கறத வெச்சே பண்ணலாம் என்றாள். ஆகவே இன்னொரு பெட்டி வாங்கிக் காசைக் கரைக்காதே. கிரேயானைத் துண்டு துண்டாக உடைத்துக் கொடுக்கிறோம், சின்னத் துண்டை முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். தடித்த ஃபைல் ஒன்றைச் சரிவாக வைத்து அதன்மேல் தாளை ஒட்டிவிடுகிறோம். நோட்டுக் கோடுகளின் மேல் உன் அம்மா பசையை இழுத்துக் காயவைக்கிறாள், மேடு தட்டியதும் கை நின்றுவிடுகிறது. விரலுக்குப் பலம் வரத் துணிக்கு கிளிப் போடும் வேலை வாண்டுவுடையது, பாதித் துணி தரையில்தான் கிடக்கிறது, உன் அம்மா முணுமுணுத்துக்கொண்டே மறுபடி அலசுகிறாள்.

கார்பன் மட்டும் என் யோசனை. பார்சல் ஆபீஸில் கார்பன் வைத்து பில் எழுதியே காலம் தள்ளியவன் நான், அழுத்தி எழுதாமல் அடித்தாளில் எழுத்து விழாவிட்டால் மேனேஜர் காய்ச்சி எடுத்துவிடுவார். ஸ்டேஷனரிக் கடைக்காரர் இதெல்லாம் இப்ப யாரு வாங்கறா என்று அலுத்துக்கொண்டே மேல்தட்டிலிருந்து தூசியோடு எடுத்துக் கொடுத்தார். எழுதவே வேண்டாம், சும்மா கிறுக்கு, அடியில வருதான்னு மட்டும் பார்ப்போம் என்று வாண்டுவிடம் சொன்னேன். முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒரு புள்ளி, பிறகு அரைக் கோடு. ஒளித்த பென்சிலை அவளே எடுத்துவந்தாள். இப்போது ஓயாமல் தாளைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள், கன்னம், சுவர், மருமகளின் வெள்ளை யூனிஃபார்ம் எல்லாம் நீலம். திட்டு விழுவது எனக்கு.

முந்தாநாள் அவளாகவே உனக்கு எழுத உட்கார்ந்தாள். ஒரு தாள் கிழிந்தது, இரண்டாவதில் எழுதி முடித்தாள். எழுத்து பெரிசும் சிறிசுமாகக் கோட்டை விட்டு இறங்கியிருக்கிறது, நான் திருத்தவில்லை. என்ன எழுதியிருக்கிறாள் என்றும் சொல்லப்போவதில்லை, இந்தத் தடவை உன் கண்ணுக்கே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேலையே கதி என்று கிடக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசீர்வாதம். கடிதம் கிடைத்ததும் மறக்காமல் போன் செய், முதலில் வாண்டுவிடம் பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு: தாள் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டு மறுபடி மாட்டிக்கொள்ளாதே, அது கார்பன் பிரதி. அசல் வாடிக்கையாளருக்கு, நகல் நமக்கு, அதுதான் ஆபீஸ் வழக்கம் என்று வாண்டுவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பென்சிலில் எழுதியதை அவளே வைத்துக்கொண்டிருக்கிறாள். அத அப்பா நேர்ல வந்து வாங்கிக்கட்டும் என்கிறாள்.